3 ஜிபி லாக் பைல்: கேட் போட்டால் திரை நிற்காமல் ஓடுகிறது, எதில் பார்ப்பது?

தென்றல்77 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். உபுண்டு சர்வர், எஸ்எஸ்எச் வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஒரு வெப் ஆப் சாயங்காலம் ஆனால் 502 எரர் (பின்னால் ஓடும் ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பது) கொடுக்கிறது. ஆப் எழுதும் லாக் பைலைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். பைல் 3 ஜிபி இருக்கிறது.

பைலைத் திரையில் காட்டும் கேட் கட்டளையைப் போட்டால் திரை ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினால் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. நானோ எடிட்டரில் திறக்கப் போனேன், சீனியர் "லைவ் சர்வரில் லாகை எடிட்டரில் திறக்காதே" என்று சொல்லிவிட்டு மீட்டிங் போய்விட்டார். ஏன் திறக்கக் கூடாது? வேறு எதில் பார்ப்பது?

இன்னொன்று. பயனர்கள் தமிழில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். லெஸ் கட்டளையில் பார்த்தால் அந்த இடத்தில் எல்லாம் கோண அடைப்புக்குள் இ0, ஏஇ என்று ஏதேதோ வருகிறது. பைல் கெட்டுப்போய்விட்டதா?

முனையம் எழுதியது:

பைல் கெடவில்லை, பயப்படாதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எடிட்டர் ஏன் கூடாது. நானோ பைல் முழுவதையும் மெமரிக்குள் ஏற்றிவிட்டுத்தான் திரையில் காட்டும். 3 ஜிபி லாகைத் திறந்தால் ஏறக்குறைய அவ்வளவு மெமரியை உங்கள் எடிட்டர் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே தடுமாறுகிற சர்வரில் அது ஆப்பையே கீழே தள்ளிவிடும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நீங்கள் திறந்து வைத்திருக்கும் நேரத்திலும் ஆப் அந்தப் பைலில் எழுதிக்கொண்டே இருக்கிறது. வெளியே வரும்போது கை தவறி சேவ் கொடுத்தால் எடிட்டர் தன்னிடம் உள்ள பழைய பிரதியை மேலே எழுதிவிடும். இடையில் வந்த வரிகள் போச்சு. பார்க்க மட்டும் வந்தவர் கையில் எழுதும் கருவி இருக்கவே கூடாது.

கேட் வேறு வேலைக்காக எழுதப்பட்டது. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. பைல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளுவதுதான் அதன் பணி. எங்கே போகிறது, பார்க்கிறவர் எந்த வேகத்தில் படிக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இருபது வரி கான்ஃபிக் பைலுக்கு அருமையான கருவி. லாகுக்கு அல்ல.

உங்களுக்கு வேண்டியது லெஸ். பைல் 3 ஜிபி ஆனாலும் 30 ஜிபி ஆனாலும் திரைக்குத் தேவையான பகுதியை மட்டும் வாசிக்கும், அதனால் உடனே திறக்கும். உள்ளே போனதும் கேபிடல் ஜி கடைசிக்கு, சின்ன ஜி முதலுக்கு, ஸ்பேஸ் ஒரு பக்கம் கீழே, பி ஒரு பக்கம் மேலே, க்யூ வெளியே. சாய்கோடு போட்டு 502 என்று கொடுத்தால் கீழ்நோக்கித் தேடும், கேள்விக்குறி போட்டால் மேல்நோக்கி. அடுத்ததற்கு என், முந்தையதற்கு கேபிடல் என். லாக் வரிகள் மிக நீளமாக இருந்து மடங்கி மடங்கி வந்தால், உள்ளே இருக்கும்போதே மைனஸ் கேபிடல் எஸ் அடியுங்கள். ஒரு பதிவு ஒரே வரியில் நிற்கும், வலது அம்புக்குறியால் நகர்த்திப் படிக்கலாம்.

கேபிடல் ஜி அடித்ததும் வரி எண் கணக்கிடுகிறேன் என்று கொஞ்சம் யோசிக்கும். கன்ட்ரோல் சி அடித்தால் கணக்கை விட்டுவிடும், பைலை விட்டு வெளியேறாது. எப்போதுமே வரி எண் வேண்டாம் என்றால் மைனஸ் சின்ன என் சேர்த்துத் திறக்கலாம்.

இப்போது அந்த இ0, ஏஇ. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ் எழுத்தும் அதன் மேல் வரும் குறியும் ஒவ்வொன்றும் 3 பைட். எல்லாமே இ0 என்ற பைட்டில் தொடங்கும், அடுத்தது ஏஇ அல்லது ஏஎஃப். உங்கள் லெஸ் இந்த மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாகப் பார்க்காமல் தனித்தனி பைட்டாகக் காட்டுகிறது. சர்வரில் லோகேல் என்று அடித்துப் பாருங்கள், மொழி, எழுத்து முறை அமைப்பைக் காட்டும். சி அல்லது போசிக்ஸ் என்று வந்தால் அதுதான் காரணம். எல்சி_ஆல் என்ற மாறிக்கு சி.யுடிஎஃப்-8 என்று எக்ஸ்போர்ட் செய்துவிட்டு மறுபடி லெஸ் திறங்கள்.

இரவுப்பணி எழுதியது:

முனையம் அண்ணன் சொன்னது நடந்து முடிந்ததைத் தேட. சாயங்காலம் எரர் வரும் நேரத்தில் உட்கார்ந்து நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றால் டெயில் வேண்டும். அதில் மைனஸ் சின்ன எஃப் எல்லாருக்கும் தெரியும், புது வரி வர வர திரையில் வந்து விழும். ஆனால் லாகுக்கு மைனஸ் கேபிடல் எஃப் போடப் பழகுங்கள்.

காரணம் லாக்ரொட்டேட். ஒரு நேரம் வந்ததும் அது ஆப்.லாக் என்ற பைலுக்கு ஆப்.லாக்.1 என்று பெயர் மாற்றிவிட்டு, புதிதாக ஒரு ஆப்.லாக் உருவாக்கும். சின்ன எஃப் தான் திறந்து வைத்த பைலையே பிடித்துக்கொண்டிருக்கும், பெயர் மாறியது அதற்குப் பொருட்டில்லை. அதாவது நீங்கள் பழைய பைலைப் பார்த்துக்கொண்டு "எரர் எதுவும் வரவில்லை, எல்லாம் அமைதியாக இருக்கிறது" என்று உட்கார்ந்திருப்பீர்கள், புதுப் பைலில் எரர் குவிந்துகொண்டிருக்கும். கேபிடல் எஃப் பெயரைப் பின்தொடரும், புதுப் பைல் வந்ததும் அதற்குத் தாவிவிடும். பைல் கொஞ்ச நேரம் இல்லாமல் போனாலும் காத்திருந்து மறுபடி முயலும்.

எங்கள் ஷிப்டில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அமைதியாக நிற்கிற திரையை நம்பி விடியும்வரை உட்காரக் கூடாது.

பழைய லாக்கள் ஜிஇஸட் ஆகச் சுருங்கி இருந்தால் விரிக்க வேண்டாம். இஸட்லெஸ், இஸட்கிரெப் இரண்டும் அப்படியே உள்ளே பார்க்கும். டிஸ்க் நிரம்பிய சர்வரில் லாகை விரிக்கப் போய் மொத்தத்தையும் நிறுத்திய கதைகள் இந்தத் துறையில் நிறைய உண்டு.

முனையம் எழுதியது:

நல்ல குறிப்பு. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லெஸ் உள்ளேயே கேபிடல் எஃப் அடித்தால் அதுவும் டெயில் மாதிரி பின்தொடரும். சந்தேகமான வரி கண்ணில் பட்டதும் கன்ட்ரோல் சி, மேலே போய்த் தேடிப் படித்துவிட்டு மறுபடி கேபிடல் எஃப். இரண்டு டெர்மினல் தேவையில்லை. ஆனால் ரொட்டேட் விஷயத்தில் இதுவும் சின்ன எஃப் போலத்தான், பெயரைப் பின்தொடரச் சொல்ல ஃபாலோ-நேம் என்ற ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

வடலி எழுதியது:

தென்றல், கேட்டில் பைலை எடுத்து பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குறி) போட்டு, சொல்லைத் தேடும் கிரெப்புக்குக் கொடுங்கோ, 502 உள்ள வரிகள் மட்டும் வரும். நான் எப்பவும் அப்படித்தான் செய்யிறனான். இடமிருந்து வலமாக வாசிக்க விளங்கும்.

முனையம் எழுதியது:

வடலி, அங்கே கேட் தேவையே இல்லை. கிரெப்பே பைல் பெயரை வாங்கிக்கொள்ளும். இது பழைய வாதம். 1995 வாக்கில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தில் ரேண்டல் ஷ்வார்ட்ஸ் என்பவர் "வீணாகக் கேட் பயன்படுத்தியதற்கான விருது" என்று வழங்கவே ஆரம்பித்துவிட்டார்.

வடலி எழுதியது:

அந்த விருது தெரியும் அண்ணா. ஆனால் ஒரு செயலி கூடுதலாக ஓடுவது இன்றைய கணினிக்குச் சுமையே இல்லை. முதலில், தொடக்க வரிகளை மட்டும் காட்டும் ஹெட்டுக்குப் பைப் போட்டு மாதிரி பார்க்கிறன், பிறகு ஹெட்டை எடுத்துவிட்டு கிரெப் போடுறன், பிறகு வரிசைப்படுத்தும் சார்ட் சேர்க்கிறன். கோப்பின் பெயர் தொடக்கத்திலேயே அசையாமல் இருக்கும், நான் மாற்றுவது கடைசித் துண்டை மட்டும்தான். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு படியாகக் காட்டவும் இதுதான் வசதி. பழகுகிற ஆட்களைப் பார்த்து இது வீண் என்று சொன்னால் பைப் போடவே கூச்சப்படுவினம்.

முனையம் எழுதியது:

கற்றுக்கொடுக்கும்போது உங்கள் வழி நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். சிறு பைல்களில் எப்படி எழுதினாலும் ஒன்றுதான். என் கவலை வேகம் பற்றியதே இல்லை. பைப் போட்ட உடனே அடுத்த கட்டளைக்கு அது பைல் என்பதே தெரியாமல் போகிறது, அதுதான் வித்தியாசம்.

தென்றலின் 3 ஜிபி லாகையே எடுங்கள். டெயிலிடம் பைல் பெயரைக் கொடுத்தால் அது நேராகக் கடைசிக்குத் தாவி, பின்னாலிருந்து சில துண்டுகளை மட்டும் வாசித்து பத்து வரிகளைக் கொடுத்துவிடும். கண் இமைக்கும் நேரம். அதே பைலைக் கேட் வழியாகப் பைப்பில் அனுப்பினால் பைப்பில் தாவ முடியாது, 3 ஜிபியும் ஓடி முடிந்தால்தான் கடைசி பத்து வரி வரும். லெஸ்ஸுக்குப் பைப்பில் கொடுத்தாலும் அப்படித்தான், வந்த தரவையெல்லாம் அது மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். டெயிலின் கேபிடல் எஃப்புக்குப் பின்தொடரப் பெயரே இருக்காது. ஆகவே லைவ் சர்வரில் பெயரைக் கொடுங்கள், வகுப்பறையில் பைப் போடுங்கள்.

வடலி எழுதியது:

டெயில் கோப்பின் கடைசிக்குத் தாவும் என்ற விஷயம் எனக்கு இப்பதான் சரியாக விளங்குது. அது நியாயமான காரணம். நன்றி அண்ணா.

நான் ஒரு எச்சரிக்கை சொல்லவேணும். வெளியில் இருந்து வந்த கோப்பை, யார் எழுதினது என்று தெரியாத கோப்பை, கேட்டில் பார்க்காதேங்கோ. எஸ்கேப் என்ற கட்டுப்பாட்டு எழுத்தோடு சில குறிகள் சேர்ந்து வந்தால் டெர்மினல் அதைக் காட்டாது, அதற்குக் கீழ்ப்படியும். நிறம் மாறும், வரி அழியும், கர்சர் மேலே போகும். இணையத்தில் இறக்கின இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் ஒரு வரியை எழுதி, உடனே அதை அழிக்கச் சொல்லும் குறியையும் வைத்துவிட்டால், கேட்டில் பார்க்கிறவருக்கு அந்த வரி இருப்பதே தெரியாது. கட்டளைகளை ஓட்டும் ஷெல் மட்டும் அதை ஒழுங்காக ஓட்டிவிடும். பயனர் தட்டச்சுச் செய்ததை அப்படியே எழுதும் ஆப் லாக்கிலும் இதே ஆபத்து இருக்கு.

லெஸ் அந்த எஸ்கேப் எழுத்தைப் பளிச்சென்று வேறுபடுத்திக் காட்டும், கீழ்ப்படியாது. கேட்டே வேணுமென்றால் மைனஸ் வி போடுங்கோ.

முனையம் எழுதியது:

முழுக்கச் சரி. மைனஸ் வி பற்றி யூனிக்ஸ் உலகத்தில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1983ல் யூனிக்ஸ் பயன்படுத்துவோரின் யூஸ்நிக்ஸ் மாநாட்டில், பெல் ஆய்வகத்தின் ராப் பைக் அதைத்தான் உதாரணமாக வைத்துப் பேசினார். கேட்டின் வேலை பைல்களைச் சேர்த்து வெளியே விடுவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தெரிய வைப்பது வேறு வேலை, அதற்குத் தனிக் கருவி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வடிவமைப்பு பற்றி அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நாற்பது வருடமாக மைனஸ் வி அங்கேயே இருக்கிறது, எந்த லினக்ஸிலும் கிடைக்கிறது, அதனால் பயன்படுத்துகிறேன்.

அதைவிட நான் அதிகம் போடுவது மைனஸ் கேபிடல் ஏ. டேப் எங்கே, வரி எங்கே முடிகிறது என்று எல்லாம் காட்டும். விண்டோஸில் எழுதி சர்வருக்கு ஏற்றிய ஷெல் ஸ்கிரிப்ட் ஓட மறுக்கிறது, வெறும் கேட்டில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது என்றால் இதைப் போடுங்கள். நல்ல பைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு டாலர் குறி மட்டும் வரும். இந்த ஸ்கிரிப்டில் டாலருக்கு முன்னால் தொப்பிக்குறியும் எம்மும் நிற்கும். அது விண்டோஸ் வரி முடிவில் வைக்கும் கேரேஜ் ரிட்டர்ன். முதல் வரியில் பேஷ் என்று இருந்தாலும், பேஷோடு அந்த எழுத்தும் ஒட்டிய பெயரில் ஒரு நிரலைத் தேடித்தான் லினக்ஸ் கைவிரிக்கிறது. அந்த எழுத்தை நீக்கும் டாஸ்டுயுனிக்ஸ் கட்டளையை ஓட்டினால் தீர்ந்தது.

தமிழ் உள்ள பைலுக்கு மட்டும் இது உதவாது. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எம், கோடு, ஒரு குறி என்று மூன்று முறை உடைத்துக் காட்டும், படிக்கவே முடியாது. அங்கே ஃபைல் என்ற கட்டளையைக் கேளுங்கள், வரி முடிவு எந்த வகை, குறியாக்கம் எது என்று ஒரே வரியில் சொல்லும்.

சன்னல்பயனர் எழுதியது:

விண்டோஸ் சர்வர் பார்ப்பவர்களுக்காக. பவர்ஷெல்லில் பைலைப் பார்க்கும் கட்டளை கெட்-கன்டென்ட், அதையே கேட் என்று அடித்தாலும் விண்டோஸில் ஓடும், ஆனால் அது லினக்ஸ் கேட் அல்ல. ஒவ்வொரு வரியையும் ஓர் ஆப்ஜெக்டாக ஆக்கித் தருகிறது, அதனால் பெரிய பைலை முழுசாகக் கொடுத்தால் ரொம்ப மெதுவாக இருக்கும். மைனஸ் டெயில் 100, மைனஸ் வெய்ட் என்று சேர்த்துக் கொடுங்கள், கடைசி நூறு வரியைக் காட்டிவிட்டு புது வரிகளுக்குக் காத்திருக்கும்.

தமிழ் வரவேண்டும் என்றால் விண்டோஸோடு வருகிற பழைய 5.1 பதிப்பில் மைனஸ் என்கோடிங் யுடிஎஃப்8 கட்டாயம். இல்லையென்றால் ஆரம்பத்தில் பிஓஎம் (குறியாக்கத்தை அடையாளம் காட்டும் பைட்டுகள்) இல்லாத பைலை ஆன்சி என்ற பழைய குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டு குப்பையாகக் காட்டும். பவர்ஷெல் 7ல் யுடிஎஃப்-8 தான் இயல்பு. பழைய கமாண்ட் பிராம்ப்டில் டைப் கட்டளைக்கு முன், யுடிஎஃப்-8க்கு மாற்றும் சிஎச்சிபி 65001 கொடுக்க வேண்டும்.

தென்றல்77 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லோகேலை மாற்றியதும் தமிழ்ப் பெயர்கள் வந்துவிட்டன. எழுத்துகள் மட்டும் கொஞ்சம் பிரிந்து பிரிந்து தெரிகின்றன, கொம்பு தள்ளி நிற்கிறது.

502க்கும் காரணம் கிடைத்துவிட்டது. டெயில் கேபிடல் எஃப் போட்டுக் காத்திருந்தேன். எரர் வந்த நேரத்தில் லாக் வரி பாதியிலேயே நின்றது, பிறகு ஆப் புதிதாகத் தொடங்கிய வரி. இடையில் எரர் செய்தியே இல்லை. அப்படியானால் ஆப்பை வெளியிலிருந்து யாரோ நிறுத்துகிறார்கள் என்று தோன்றியது. சிஸ்டம் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் கே கொடுத்து, இயங்குதளத்தின் மையமான கர்னலின் செய்திகளைப் பார்த்தேன். மெமரி தீர்ந்து கர்னல்தான் அந்தப் பிராசஸைக் கொன்றிருக்கிறது. சாயங்காலம் ஒரு ரிப்போர்ட் வேலை ஓடுகிறது, அதே நேரம்தான். சீனியரிடம் இரண்டு லாகையும் நேரத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

இரவுப்பணி எழுதியது:

பாதியில் நின்ற வரியைப் பிடித்தீர்களே, அதுதான் கண். எரர் செய்தி வரும் என்று தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சிஸ்டம்டி ஜர்னல் பைனரி வடிவில் இருப்பதால் அதைக் கேட், லெஸ் எதிலும் நேரடியாகத் திறக்க முடியாது, ஜர்னல்சிடிஎல் வழியாகத்தான். அது தானாகவே லெஸ்ஸில்தான் காட்டும், ஆகவே நீங்கள் பழகிய அதே விசைகள் அங்கும் வேலை செய்யும்.

ஏடு எழுதியது:

எழுத்து பிரிந்து தெரிவது பற்றி. டெர்மினல் என்பது கட்டம் கட்டமான திரை, ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று வைத்துத்தான் பல டெர்மினல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் கொம்பு மெய்க்கு முன்னால் வரவேண்டும், சேமிப்பில் பின்னால் இருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத டெர்மினலில் இப்படித்தான் இருக்கும். பைலில் எந்தக் குறையும் இல்லை. எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையும், முயன்று பாருங்கள்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். "தமிழ்" என்ற சொல்லை மட்டும், வரி முடிவு சேராமல், எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளைக்குக் கொடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. மைனஸ் எம் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். மைனஸ் சி 15 என்று சொல்லும், அது பைட் கணக்கு. ஹெட்டில் மைனஸ் சி 100 கொடுத்தால் நூறாவது பைட் ஓர் எழுத்தின் நடுவில் விழுந்து, கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும். தமிழ்ப் பைலை எப்போதும் வரிக் கணக்கில் வெட்டுங்கள், பைட் கணக்கில் வேண்டாம்.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கட்டுரைகள் கொண்ட பைல்கள் என்னிடம் இருக்கின்றன, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டியவை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வரும், குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளை திஸ்கியை யுடிஎஃப்-8 ஆக மாற்றித் தருகிறது, வெளியீட்டை லெஸ்ஸில் பார்க்கிறேன், பெரும்பாலும் அழகாக வருகிறது. ஒரு பைலில் மட்டும் நடுவில் ஓரிடத்தில் தவறான உள்ளீடு என்று பைட் எண்ணைச் சொல்லி நின்றுவிடுகிறது. ஐகான்வுக்கு மைனஸ் சி கொடுத்தால் தாண்டிப் போகிறது. அப்படிச் செய்யலாமா?

முனையம் எழுதியது:

செய்யாதீர்கள். ஐகான்வின் மைனஸ் சி மாற்ற முடியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பழைய கட்டுரையில் ஓர் எழுத்து காணாமல் போனால் பிறகு யாருக்கும் தெரியவே தெரியாது.

அது சொன்ன பைட் எண்ணுக்குக் கொஞ்சம் தாண்டி வரை ஹெட் மைனஸ் சியில் எடுங்கள், அதிலிருந்து கடைசி 40 பைட்டை டெயில் மைனஸ் சியில் எடுங்கள், அதை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டிக்குப் பைப்பில் கொடுங்கள். இங்கே பைட் கணக்குதான் வேண்டும், எழுத்து உடைந்தால் பரவாயில்லை. இடது பக்கம் பைட் வரிசை, வலது பக்கம் ஆங்கில எழுத்து இருந்தால் அது தெரியும். அக்கம்பக்கத்துச் சொல்லை வைத்து அங்கே என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மூலப் பைலைத் தொடாமல் பிரதி எடுத்துத் திருத்துங்கள். வெளியீட்டை அதே பைல் பெயருக்குத் திருப்பிவிடாதீர்கள், ஷெல் முதலில் அந்தப் பைலைக் காலி செய்துவிட்டுத்தான் ஐகான்வை ஓட்டும்.

ஏடு எழுதியது:

பார்த்துவிட்டேன். இரண்டு பத்திகளுக்கு நடுவே, காலி வரியில் ஒரே ஒரு குப்பை பைட். இருபுறமும் வாக்கியங்கள் முழுமையாக இருக்கின்றன, எழுத்து எதுவும் தொலையவில்லை. பிரதியில் அதை நீக்கிவிட்டு மாற்றினேன், கடைசி வரி வரை வந்துவிட்டது. மீதிப் பைல்களையும் மைனஸ் சி இல்லாமலே ஒவ்வொன்றாக ஓட்டுகிறேன்.